நம்ம வீட்டு வேலை

பிப்ரவரி 9

அத்தானுக்கு,

நான்கு முறை போன் அடித்தீர்கள். நான்கு முறையும் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் குரலைக் கேட்கும் அளவுக்கு எனக்கு இன்னும் பெரிய மனசு வரவில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். பதினாறு வருஷமாக ஆபீஸ் ரிக்கார்டு அறையில் உட்கார்ந்திருப்பவள் நான். எழுத்தில் வந்தால் எதையும் பொறுமையாகப் படித்துவிடுவேன்.

விசாரணை முடிவு நேற்று வந்தது. ஒரே பக்கம். 'விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு.' ஓட்டுநர் என்றால் யார்? என் தம்பி. உங்கள் ஒரே மச்சான். உங்கள் கல்யாணத்தில் உங்கள் செருப்பைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடி அலைந்தானே, அந்தப் பையன்.

அவன் என்ன கவனக்குறைவாக இருந்தான் என்று நீங்கள்தான் அதிகாரியிடம் விளக்கினீர்களாம். கதவுக்குக் கீழே பாறை இடிக்காமல் இருக்க ஜீப்பின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் அந்த இரும்புக் குழாய், அதுதான், நீங்கள் மாட்டிக் கொடுத்த ஸ்லைடர், அதை இந்த மாடல் வண்டியில் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், மாட்டவே முடியாதாம். பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் அந்த வழியாகப் போகிறதாம். அதனால் பாடித் தகட்டில்தான் மாட்ட முடியுமாம், உலகமே அப்படித்தான் மாட்டுகிறதாம். 'இதில் ஜாக்கி போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன் சார், பையன் கேட்கவில்லை' என்றீர்களாம். செப்டம்பரில் மலைப் பாதையில் டயர் பஞ்சரானபோது அவன் ஸ்லைடருக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்தான். ஸ்லைடர் தகட்டோடு பிய்ந்து வந்தது. வண்டி அவன் வலது கையின்மேல் உட்கார்ந்தது. மணிக்கட்டுக்குக் கீழே இப்போது ஒன்றும் இல்லை.

அவனை ஜீப்போடு வேலைக்கு வைத்திருந்த செல்போன் டவர் கம்பெனி அவன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டது. 'கவனக்குறைவு' என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? அதைக்கூட விடுங்கள். அவனே அதை நம்புகிறான். 'அத்தான் சொல்லியிருப்பாருக்கா, நான்தான் மறந்திருப்பேன்' என்கிறான்.

இனி ஜீப்பை நான் ஓட்டப் போகிறேன். கற்றுக்கொண்டுவிட்டேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாதை சொல்வான். ஸ்லைடர் இல்லாமல் அந்தப் பாதையில் போக முடியாது. உங்கள் பட்டறைக்கு எதிரில் பட்டறை வைத்திருப்பவரிடம், எல்லோரும் 'கண்ணாடி' என்று கூப்பிடுவார்களே, அவரிடம் மாட்டக் கொடுக்கிறேன். பிய்யாமல் மிஞ்சிய வலது பக்கத்து ஸ்லைடர் உங்களிடம் கிடக்கிறது. ஆள் வருவான், கொடுத்து அனுப்புங்கள்.

உங்கள் மனைவியின் தங்கை


பிப்ரவரி 16

ரிக்கார்டு ரூம் மகாராணிக்கு,

அத்தான் எழுதுவது. பேனா பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது, எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், பொறுத்துக்கொள். வெல்டிங் ராடு பிடித்த கை.

ஸ்லைடரை அனுப்பிவிட்டேன். ஆனால் கண்ணாடியா? போயும் போயும் அவனா? அவன் வெல்டிங் வைத்த கேட்டில் ஒரு நாய் முதுகைச் சொறிந்தது, கேட் விழுந்துவிட்டது. இதை நான் கட்டிச் சொல்லவில்லை, தெருவே பார்த்தது. மூக்கின்மேல் அத்தனை தடிமனாகக் கண்ணாடி போட்டுக்கொண்டும் அவனுக்குச் சேசிஸ் எது பாடி எது என்று தெரியாது.

நீ என்மேல் கோபமாக இருக்கிறாய். இருக்க வேண்டியதுதான். சின்னவனை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை. அதற்காக அதிகாரி முன்னால் நான் என்ன சொல்ல வேண்டும் என்கிறாய்? கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். உன் அக்கா தினமும் உன் பேரைச் சொல்லி அழுகிறாள். சமையலில் உப்பு இருப்பதில்லை, சில நாள் இரண்டு முறை இருக்கிறது. ஒரு வார்த்தை அவளிடம் பேசு.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வா. நானே மாட்டித் தருகிறேன். வெளியே கொடுத்தால் எனக்குத்தான் அசிங்கம்.

உன் நல்லதை நினைக்கும்
அத்தான்


பிப்ரவரி 24

அத்தானுக்கு,

ஸ்லைடர் வந்தது. அக்காவிடம் பேசினேன். உப்பு விஷயத்தை அவளிடம் சொல்லியிருக்கிறேன், இனி நீங்கள் ஜாக்கிரதை.

கண்ணாடியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அவர் மாட்டப் போவதற்கும் நீங்கள் மாட்டியதற்கும் என்ன வித்தியாசம்? அவரும் பாடித் தகட்டில்தான் மாட்ட முடியும் என்கிறார். 'உங்க அத்தான் விசாரணையில சொன்னது நூத்துக்கு நூறு உண்மைம்மா, அந்தச் சேசிஸ்ல எவனாலயும் மாட்ட முடியாது' என்கிறார். பிறகு பல்லைக் குத்திக்கொண்டே ஒன்று சொன்னார். 'அப்படியே வழி இருந்தாலும் உங்க அத்தானுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொந்த மச்சானுக்கு மாட்டாம விட்டிருப்பாரா?'

யோசித்துப் பார்த்தேன். சரியென்றே பட்டது. இத்தனை நாள் உங்களைக் கெட்டவர் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கெட்டவர் இல்லை. உங்களுக்கு வேலை தெரியாது, அவ்வளவுதான். தெரியாதவர்மேல் எவ்வளவு நாள் கோபப்படுவது? கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்துக்கொண்டு வருகிறேன்.

நீங்கள் மாட்ட வேண்டாம். சிரமப்பட வேண்டாம்.

அக்காவின் தங்கை


மார்ச் 2

ஏய்,

மகாராணியாவது மண்ணாங்கட்டியாவது. எனக்கு வேலை தெரியாது என்று எழுதினாயா? எனக்கா? படித்ததும் கையில் இருந்த ஸ்பேனரை வீசிவிட்டேன், கம்ப்ரசர் மீட்டரின் கண்ணாடி உடைந்துவிட்டது. அந்தப் பல்குத்தி என்னிடம் நேரில் வந்து சொல்லட்டும்.

கேட்டுக்கொள். அந்த மாடல் வண்டிக்கு இந்தக் கையால் பதினோரு செட் சேசிஸில் மாட்டியிருக்கிறேன். பதினொன்று! சின்னவன் வண்டி வந்த அதே மாதம் அணைக்கட்டு கான்ட்ராக்டரின் நான்கு வண்டிக்கும் சேசிஸில்தான் மாட்டினேன். இன்றுவரை பாறையில் உருண்டுகொண்டிருக்கின்றன, ஒரு போல்ட்டு அசையவில்லை. வேண்டுமானால் போய்க் குனிந்து பார்.

எப்படி என்று சொல்கிறேன், அந்தக் குருடனுக்கும் படித்துக் காட்டு. முதலில் பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளைக் கழற்ற வேண்டும். பைப்பைக் கழற்றக் கூடாது, கிளிப்பை மட்டும். இரண்டு விரல் அளவு உள்பக்கம் தள்ளினால் போதும், சேசிஸின் வெளிமுகம் முழுசாக உனக்குக் கிடைத்துவிடும். பெட்ரோல் பைப்பும் அப்படியே. பெட்ரோல் பைப்புக்குப் பக்கத்தில் தீப்பொறி ஆகாது, அதனால் வண்டியில் வெல்டிங் கிடையாது. ஸ்லைடருக்குக் கால்களை மேசைமேல் வைத்து வெல்டிங் செய்துவிட்டு, பிறகு கொண்டுவந்து போல்ட்டுப் போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று கால். ஒவ்வொரு காலுக்கும் ஆறு மில்லி தகடு, உள்ளங்கையைவிடப் பெரிசாக. சின்னத் தகடாக வைத்தால் பாரம் ஒரே இடத்தில் குத்தும். ஸ்லைடர் பாடியைத் தொடவே கூடாது, கட்டைவிரல் நுழைய இடம் விட வேண்டும். பாடி ரப்பர்மேல் உட்கார்ந்து ஆடும், சேசிஸ் ஆடாது. இரண்டையும் கட்டிப்போட்டால் தகடு கிழியும்.

படம் போட்டு வைத்திருக்கிறேன். கோடு கோணலாக இருந்தாலும் அளவு கோணல் இல்லை.

பட்டறை வைத்திருக்கும்
அத்தான்


மார்ச் 10

அத்தானுக்கு,

கம்ப்ரசர் மீட்டர் உடைந்ததற்கு வருத்தம்.

படத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் கண்ணாடி ஒரு கேள்வி கேட்டார். சேசிஸ் உள்ளே வெற்றுப் பெட்டிதானே, போல்ட்டை இறுக்கினால் தீப்பெட்டி மாதிரி நசுங்கிவிடாதா என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்ல மறந்தீர்களா, இல்லை அந்த இடத்தில்தான் உங்கள் வித்தை முடிகிறதா?

தம்பி இடது கையால் எழுதிப் பழகுகிறான். முதல் நாள் அவன் பெயரை எழுதினான், இரண்டாம் நாள் உங்கள் பட்டறைப் பெயரை எழுதினான். ஏனென்று கேட்டேன். 'அதுல சுழி நிறைய இருக்குக்கா, பழக நல்லா இருக்கு' என்றான். அவனுக்கு உங்கள்மேல் துளி வருத்தம் கிடையாது. வருத்தப்படும் வேலையை என்னிடம் விட்டுவிட்டான்.

இரண்டு விஷயம் கேட்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாமல் எழுதுங்கள். நீங்கள் சொன்னபடி மாட்டினால் அந்த ஸ்லைடருக்கு அடியில் ஜாக்கி போடலாமா? இது ஒன்று. அணைக்கட்டு கான்ட்ராக்டருக்கு அப்படி மாட்டிய கை, அதே மாதம் என் தம்பிக்கு ஏன் மாட்டவில்லை? இது இரண்டாவது. உங்களைக் கடைசிவரை வேலை தெரியாதவராகவே வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். பதினோரு வண்டி என்று எழுதி நீங்களே கெடுத்துவிட்டீர்கள். இனி உண்மையைச் சொன்னால்தான் என்னால் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க முடியும்.

தங்கை


மார்ச் 17

அம்மாடி,

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். சேசிஸில் ஓட்டை போட்டதும் உள்ளே ஒரு குழல் செருக வேண்டும். பெட்டியின் அகலம் எவ்வளவோ அவ்வளவு நீளம், ஒரு மயிரிழை கூடவும் கூடாது குறையவும் கூடாது. போல்ட்டு அந்தக் குழலுக்குள் போகும். எவ்வளவு இறுக்கினாலும் பாரம் குழல்மேல், பெட்டி நசுங்காது. இதைக் கேட்கும் ஆள் பட்டறை வைத்திருக்கிறான், கலிகாலம்.

ஜாக்கி போடலாமா என்றால், அதற்கும் சேர்த்துத்தானே ஸ்லைடர்! சேசிஸில் மாட்டியிருந்தால் முழு வண்டியையும் அதில் தூக்கு, ஒன்றும் ஆகாது.

இரண்டாவது கேள்விக்கு மூன்று நாளாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அக்காவிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் எழுதுகிறேன்.

சின்னவன் சனிக்கிழமை வந்தான். திங்கட்கிழமை வேலைக்கு வண்டி வேண்டும் என்றான். கான்ட்ராக்டர் வண்டி நான்கும் பாதி வேலையில் பிரித்துப் போட்டுக் கிடந்தன. குழல் கடைய ஒரு நாள் ஆகும். கால் தகடு வெட்டியது எல்லாம் அந்த நான்குக்கே சரியாகப் போய்விட்டது. உனக்குத் தெரியும், பட்டறையில் வீட்டு வேலை என்றால் எப்போதும் கடைசிதான். உன் அக்கா கேட்ட துணிக்கொடிக் கம்பிகூட இரண்டு வருஷமாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வெளி ஆள் கேள்வி கேட்பான், சண்டைக்கு வருவான். நம்ம ஆள் என்ன சொல்லப் போகிறான்? 'நம்ம வீட்டு வேலைதானே, இப்போதைக்குப் பாடியில மாட்டிவிடுவோம், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மிச்சக் குழாயை எடுத்து, இருந்த தகட்டில் நானே மாட்டினேன். 'அடுத்த மாசம் வா, சேசிஸுக்கு மாத்தித் தர்றேன்'னு சொன்னேன். அவன் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கிளம்பும்போது கேட்டான். ஒரு கால் வண்டிக்குள், ஒரு கால் வெளியே. 'அத்தான், இதுல ஜாக்கி போடலாமா?' நான் கான்ட்ராக்டரோடு போனில் இருந்தேன். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, 'தாராளமாப் போடு' என்றேன். போடாதே என்று நான் சொல்லவே இல்லை. அதிகாரி கேட்டபோது வாயில் வந்தது. ஒரு முறை சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. நம்ம பையன்தானே, நம்மை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று ஒரு தைரியம்.

படித்ததும் கிழித்துவிடு. நீ நம்ம வீட்டுப் பெண் என்றுதான் எழுதினேன்.

அத்தான்


ஏப்ரல் 4

அத்தானுக்கு,

கிழிக்கவில்லை.

உங்கள் மூன்று கடிதங்களும், உறையோடு, தபால் முத்திரையோடு, நகல் எடுத்து ஒப்பம் வாங்கி, நேற்று மேல்முறையீட்டோடு சேர்த்து வாகன ஆய்வு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். மூலம் என் பீரோவில் இருக்கிறது. விசாரணை முடிவு வந்த தேதியிலிருந்து அறுபது நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஒரு வாரம்கூட மிச்சம் இல்லை. படத்தையும் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னது போல அளவு கோணல் இல்லை.

கண்ணாடியை நான் வாழ்நாளில் பார்த்ததே கிடையாது. பல் குத்துவாரா என்றும் தெரியாது. அவர் சொன்னதாக எழுதியதெல்லாம் என் சொந்தச் சரக்கு. உங்களை மன்னித்து வருகிறேன் என்று எழுதினேனே, அதுவும் அப்படித்தான். மன்னிப்பைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தம்பி முழித்ததும் முதல் கேள்வியாக 'வண்டிக்கு ரொம்ப அடியாக்கா?' என்று கேட்டான். அன்றைக்கு முடிவு செய்தேன், உங்களைச் சும்மா விடக் கூடாது என்று.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கடைசிக் கடிதத்தை நீங்கள் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பதினோரு வண்டி போதும் என்றுதான் இருந்தேன். நீங்களாகவே மீதியையும் எழுதி, கீழே 'நம்ம வீட்டுப் பெண்' என்று வேறு போட்டீர்கள். நம்ம பையன்தானே என்று ஸ்லைடரை மாட்டினீர்கள். நம்ம பெண்தானே என்று கடிதத்தை எழுதினீர்கள். ஒரே தப்பை இரண்டு முறை செய்ய உங்களால்தான் முடியும் அத்தான்.

விசாரணை 22ஆம் தேதி, காலை பதினோரு மணி. சட்டையில் கிரீஸ் இல்லாமல் வாருங்கள்.

தம்பியின் அக்கா


ஏப்ரல் 8

உனக்கு,

நீ நாசமாய்ப் போக. இதற்குமேல் எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இதையும் கொண்டுபோய்க் கொடு, முத்திரை குத்திக் கொடு.

கூடப் பிறந்தவளின் குடியைக் கெடுக்க எப்படி மனசு வந்தது? என் பட்டறை மூடினால் அங்கே வேலை செய்யும் நான்கு பேர் எங்கே போவார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தாயா? எனக்கு ஒரு கோபம் என்றால் எதிரில் வந்து நின்று கத்துவேன். உன்னைப் போல இரண்டு மாதம் சிரித்துச் சிரித்துக் கடிதம் எழுதிக் கழுத்தை அறுக்க எனக்குத் தெரியாது.

நோட்டீஸ் உன் அக்கா கையில்தான் கொடுக்கப்பட்டது. நகலையெல்லாம் உட்கார்ந்து படித்தாள். திட்டுவாள், பாத்திரத்தை எறிவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். 'தாராளமாப் போடுன்னு சொன்னீங்களா?'

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் ஆகிறது. சாப்பாடு வைக்கிறாள். உப்பு சரியாக இருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சந்தோஷமா?


மே 12

அத்தானுக்கு,

சந்தோஷமா என்று கேட்டிருந்தீர்கள். விசாரணை முடியட்டும் என்று இருந்தேன்.

22ஆம் தேதி நீங்களும் அந்த அறையில்தான் இருந்தீர்கள், ஆனால் உங்களை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன். அதிகாரி உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். நகலில் எழுத்து மங்கி, 'ஐந்து மில்லி தகடு' என்று படித்துவிட்டார். தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த நீங்கள் சட்டென்று நிமிர்ந்து, 'ஆறு மில்லி சார்' என்றீர்கள். 'அப்படியானால் இது நீங்கள் எழுதியதுதான்' என்று அவர் பேனாவை எடுத்தார். இரண்டு மாதமாக என்னென்னவோ கேள்விகள் தயார் செய்து வைத்திருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை.

தீர்ப்பு நேற்று வந்தது. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' நீக்கப்பட்டது. 'பொருத்தியவரின் தவறு' என்று வந்திருக்கிறது. உங்கள் பட்டறைக்கு ஆறு மாதம் சீல் என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

தம்பியிடம் படித்துக் காட்டினேன். குதிப்பான் என்று நினைத்தேன். 'அப்போ நான் ஜாக்கிய சரியான இடத்துலதான் போட்டேனாக்கா?' என்றான். 'ஆமாடா' என்றேன். பிறகு அழுதான். கை போன அன்றுகூட அழாத பையன், சாயங்காலம்வரை அழுதான். எட்டு மாதமாக என்ன சுமந்துகொண்டிருந்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதனால் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குச் சந்தோஷம் இல்லை. சீல் வைத்தது போதவில்லை.

அக்கா வந்திருந்தாள். நீங்களே எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து ஸ்லைடரைச் சரியாக மாட்டித் தர விரும்புவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். உங்களைத் தோற்கடித்ததில் அவளையும் சேர்த்துத்தான் தோற்கடித்தேன்.

சரி, வாருங்கள். ஆனால் நான் சொல்கிறபடி. குழாய் புதிதாக இருக்க வேண்டும். உங்கள் பட்டறை சீலில் இருப்பதால் வெல்டிங் மெஷினைக் கண்ணாடியிடம் நீங்களே போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். கதவைத் தட்டி, மரியாதையாக. மாட்டி முடித்ததும் தம்பி ஸ்லைடருக்கு அடியில் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்குவான், இடது கையால். முட்டுக்கட்டை வைக்கக் கூடாது. அப்போது நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்திருக்க வேண்டும். அவன் கை இருந்த இடத்தில் உங்கள் நெஞ்சு இருக்க வேண்டும்.

தம்பிக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது. அக்காவிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள்.


ஜூன் 2

அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை நீ முற்றத்துக் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். வண்டிக்கு அடியில் பேசியது உன் காதில் விழுந்திருக்காது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். இதையும் நீ கிழிக்க வேண்டாம்.

கண்ணாடி மெஷினைக் கொடுத்தான். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, அவனே தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தான். நாய் அவன் கேட்டைச் சாய்த்த கதையை நான் சொல்லித் திரிந்தது தெருவுக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

கிளிப்பைக் கழற்றி, பைப்பைத் தள்ளி, குழல் செருகி, ஆறு காலும் மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டும் இறுக்கியபின் இன்னொரு முறை இறுக்கினேன். மொத்தம் ஒன்றரை நாள். அவ்வளவுதான் அந்த வேலை. அன்றைக்கு அந்த ஒன்றரை நாள் என்னிடம் இல்லாமல் போயிற்று.

நான் அடியில் நுழைந்ததும் சின்னவன் பதறினான். 'எதுக்கு அத்தான் உள்ள போறீங்க?' என்றான். 'போல்ட்டு அசையுதான்னு பார்க்கணும்டா, நீ தூக்கு' என்றேன். இடது கையால் ஜாக்கிக் கம்பியை அழுத்தினான். ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு பல் ஏறும், 'டக்'கென்று சத்தம் வரும். இருபத்து மூன்று சத்தம் எண்ணினேன். சக்கரம் தரையை விட்டது. முழு வண்டியும் என் நெஞ்சுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நின்றது. என் வேலையை அந்தப் பக்கத்திலிருந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. எத்தனை வண்டிக்கு மாட்டியிருக்கிறேன், ஒன்றைக்கூட ஸ்லைடரில் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கீழே படுத்துப் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன், பயந்தேன். சேசிஸில் மாட்டியிருக்கிறேன், குழல் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று தெரியும். தெரிந்தும் பயந்தேன். நீ எதிர்பார்த்தது அதுதான் என்றால், அது உனக்குக் கிடைத்துவிட்டது.

சின்னவன் குனிந்து எட்டிப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

'என்ன அத்தான், பயமா இருக்கா?'

'இல்லடா' என்றேன்.

'அன்னைக்கு எனக்கும் பயமே இல்ல அத்தான்' என்றான். 'நீங்க மாட்டினதாச்சேன்னு கைய உள்ள விட்டேன்.'

அவன் குத்திக் காட்டவில்லை. பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இறக்கட்டுமா என்று கேட்டான். அவன் மறுபடியும் கேட்டான். நான் படுத்தே கிடந்தேன்.

அத்தான்